உம்மா வழிக் காவி

ஹாஷிமின் கடையில் விற்பது நூலும் பொத்தானும் லேஸும் ஸிப்பும்தான். நாவலப்பிட்டி ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையின் அடியில் இருக்கிறது கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மழையில் நிற்க வேண்டும். மழை அந்த ஊரில் விருந்தாளி அல்ல, வீட்டு ஆள். அதனால் மூன்றாவது ஆளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தோட்டங்களிலிருந்து வரும் பெண்களும் ஊர்த் தையல்காரிகளும் நகத்தளவு துணித் துண்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஹாஷிம் அதை வாங்கிக்கொண்டு வாசற்படிக்கு வருவார். "டியூப் லைட் பொய் செல்லும்" என்பார். மேக வெளிச்சத்தில் துண்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய், சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் நூல் உருளைகளில் ஒன்றின்மேல் நேராகக் கையை வைப்பார். துணியும் நூலும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை போலிருக்கும். கம்பளையிலிருந்துகூட ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மகள் நுஸ்ஹாவுக்கும் அதே கண். கல்யாணம் பேசும் வயதான பிறகும் அவளைக் கடையில் நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.

மகன் இப்ஹாம் நின்ற நாட்களில் மட்டும் வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள். மெரூன் பிளவுஸுக்குக் கடும்பச்சை நூல் போயிருக்கும். சாம்பல் நிற ஸ்கூல் காற்சட்டைக்கு ரோஸ் நூல் போயிருக்கும்.

"போன்ல கண்ண வச்சிக்கிட்டு கையால வித்தா இப்பிடித்தான்" என்று ஹாஷிம் சொல்வார்.

இப்ஹாம் மறுபேச்சுப் பேச மாட்டான். அவனுடைய மனம் கடையில் இருந்ததே இல்லை. மேலே ஸ்டேஷனில் இருந்தது. ஏற்றத்துக்கு எந்த எஞ்சின் மூச்சு வாங்குகிறது என்பதைச் சோற்றில் கை வைத்தபடியே சொல்லக்கூடியவன். ரயில் சாரதி வேலைக்கு விண்ணப்பித்து, எழுத்துப் பரீட்சையில் தேறி, கண் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போனான். போன அன்றே திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தான். உம்மா றம்லத் இடியப்பத்தையும் பருப்பையும் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"எனத்த கேட்டாங்க?" என்றார் ஹாஷிம்.

"புள்ளி போட்ட புத்தகம் ஒண்டு காட்டினாங்க. உள்ளுக்கு எத்தினாம் நம்பர் ஈக்கி எண்டு கேட்டாங்க."

"நீ எனத்த சென்ன?"

"மொதப் பக்கத்துல பன்னெண்டு. அது தெரிஞ்சிச்சி. மத்தப் பக்கமெல்லாம் சவ்வரிசி."

"சவ்வரிசியா?"

"சவ்வரிசிக் கஞ்சி மாதிரி வாப்பா. நம்பரே இல்ல. ஆள எடுக்காமல் ஈக்க இப்பிடி ஏமாத்துறாங்க எண்டு நெனச்சன். பின்னுக்கு வந்த பொடியன் எல்லாத்தையும் டக்டக்கெண்டு வாசிக்கிறான்."

"டொக்டர் எனத்த சென்னாரு?" என்று றம்லத் கேட்டாள்.

"நிறக்குருடாம். பச்சையும் சிவப்பும் செரியா பிரியாதாம். மருந்தில்லயாம். எஞ்சினுக்கு ஏலாதாம்."

குருடு என்ற சொல்லில் றம்லத் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹாஷிம் எழுந்து கடைப்பக்கம் போய் ஒரு நூல் உருளையோடு வந்தார். மகனை வாசலுக்கு இழுத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது?"

"பிரவுன்."

அது கிளிப்பச்சை. ஹாஷிம் இத்தனை வருடம் திட்டிய திட்டையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசிப்பவர்போல் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்தார்.

இந்த விஷயம் வேறொரு சமயத்தில் வந்திருந்தால் வீட்டோடு ஆறியிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டையிலிருந்து நுஸ்ஹாவுக்குச் சம்மதம் பேச வர இருந்தார்கள். மாப்பிள்ளை அஸ்ஃபர் கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. நல்ல பிள்ளை, தொழுகையாளி, சீதனம் வேண்டாம் என்று தானாகவே சொன்னவன். இதற்கு முன் வந்த இரண்டு பேச்சும் நின்று போயிருந்தன. ஒன்றில் பெண் உயரமாம், மற்றதில் பெண் கடையில் நிற்கிறாளாம். இந்த மாப்பிள்ளையை நுஸ்ஹாவுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. கேட்டபோது "ஒங்கட விருப்பம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் கடையிலிருந்த பொத்தான் போத்தல்கள் எல்லாவற்றையும் துடைத்து வைத்தாள். றம்லத்துக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் பிளேன்டி நேரத்துக்கு ஹாஷிமின் ராத்தா ஆஸிகா வந்தாள். அடுத்த தெருவில் இருப்பவள். தம்பியின் குடும்பத்தில் தெரியாதது ஒன்று நடந்துவிடக்கூடாது என்ற அக்கறையில் தினமும் வருபவள்.

"எங்கட பக்கத்துல கண் பிழை ஒத்தருக்கும் இல்ல" என்றாள், சீனியை நக்கி ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு. "எங்கட வாப்பா குப்பி லாம்பு வெளிச்சத்துல ஊசி கோத்தவரு."

"அது கிட்டப்பார்வ மதினி" என்றாள் றம்லத். "இது நெறம்."

"கண்ணு கண்ணுதானே. ஒங்கட தம்பி ருஷ்தி வேன் ஒண்டு வாங்கினாரே."

றம்லத்தின் தம்பி ருஷ்தி கம்பளையில் வேன் ஓட்டுகிறவன். சாம்பல் நிற வேன் ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தான். வேன் ரோஸ் நிறம். ஸ்கூல் பிள்ளைகள் அதை ரோசாப்பூ வேன் என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தன்மேல் பாசம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். சொல்லி மனதை நோகடிப்பானேன் என்று குடும்பம் முழுவதும் பேசாமல் இருந்தது.

"அது அவருக்கு விருப்பமான நெறம்" என்றாள் றம்லத், கடைசியில்.

"ஓ, ஓ" என்றாள் ஆஸிகா. "விருப்பம்."

யார் பக்கத்துப் பிழை என்பதைத் தீர்க்க ஹாஷிம் ஒரு வழி கண்டார். கடைக்கு மேலே உள்ள அறையில் சதீஸ் வாடகைக்கு இருந்தான். பார்கேப்பல் பக்கத்துத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவன், ஊரில் ஓ.எல். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் டியூஷன் சொல்லிக்கொடுப்பவன். நல்லவன். ஒரேயொரு குறை, பாடப்புத்தகச் சொல் இல்லாமல் அவனுக்குப் பேச வராது. அன்று சாயந்தரம் அவனைக் கடைக்குள் இழுத்து நிறுத்தினார்கள். ஆஸிகா லேஸ் பார்க்கிற சாக்கில் மூலையில் நின்றாள்.

"இது நோயில்லீங்க நானா" என்றான் சதீஸ். "பரம்பரையா வாற இயல்பு. நிறமூர்த்தத்துல, அதான் குரோமோசோம்ல, இருக்கு."

"அதுதான் கேட்டன். அந்த நிறமூர்த்தம்தான் நெறம் பாக்கிறதா?"

"இல்லீங்க. சாயம் போட்டுத்தான் மைக்ராஸ்கோப்புல பாத்தாங்க, அதனால வந்த பேரு. அதுக்கும் இந்த நிறத்துக்கும் சம்பந்தமில்ல."

"நெறம் எண்டு பேரு வச்சிட்டு சம்பந்தமில்ல எண்டா?"

"பேர விடுங்க நானா. பொம்பளைக்கு எக்ஸ் ரெண்டு. ஆம்பளைக்கு எக்ஸ் ஒன்னு, வை ஒன்னு. நிறம் பிரிச்சுப் பாக்குற விஷயம் எக்ஸ்லதான் இருக்கு. மகனுக்கு அப்பாகிட்டேருந்து வாறது வை மட்டும்தான். எக்ஸ் அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும்."

ஹாஷிம் நூல் சுவரை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப எண்ட கண்ணு அவனுக்கு வரவே இல்லயா?"

"இந்த விஷயத்துல வரவே முடியாதுங்க. உங்க எக்ஸ் முழுசா நுஸ்ஹா தங்கச்சிக்குத்தான் போயிருக்கு."

"பாத்தியா" என்றாள் ஆஸிகா. "நான் சென்னேன். எங்கட பக்கம் இல்ல."

"அப்ப எண்ட பக்கம்" என்றாள் றம்லத். குரல் தணிந்திருந்தது. "ஆனா எனக்கு எல்லா நெறமும் தெரியுமே தம்பி. கத்தரிக்கால எத்தின ஊதா ஈக்கி எண்டு நான் செல்லுவனே."

"தெரியும் அக்கா. உங்களுக்கு எக்ஸ் ரெண்டு இருக்கில்ல, ஒன்னு பிழைன்னாலும் மத்தது பாத்துக்கும். உங்களுக்கு ஒன்னுமே இல்ல. நீங்க சும்மா காவி."

"காவியா?"

"காவிதான் அக்கா. உங்க தம்பிக்கும் இருக்குன்னா உங்க அம்மாவும் காவி."

"எங்கும்மா மௌத்தாகி எவ்வளவு காலம். கபுர்ல ஈக்கிறவங்களையும் விடமாட்டீங்களா?" என்றாள் றம்லத். "காவி எண்டா எனத்த? புத்த கோயில் ஹாமுதுருமார் உடுக்கிறதா?"

அப்போது ஸ்டேஷனிலிருந்து பதுளைப் பக்கம் புறப்பட்ட ரயில் விசிலடித்தது. ஏற்றத்துக்கு முன் அங்கே எஞ்சின்கள் மனம் விட்டுத்தான் விசிலடிக்கும். அந்தக் காவி நிறம், இந்தக் காவி சுமந்துகொண்டு போகிற ஆள், காவிக்கொண்டு போவதால் காவி, புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று சதீஸ் சொன்ன விளக்கம் றம்லத்தின் காதுக்கு எட்டியது. மூலையில் லேஸோடு நின்ற ஆஸிகாவின் காதுக்கு எட்டவில்லை.

ஆஸிகா கெட்டது நினைக்கவில்லை. அவளை நன்றாகத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்வார்கள். இப்ஹாமின் கண் விஷயம் தெல்தோட்டைக்கு எட்டிப் பேச்சு குழம்பிவிடக்கூடாது என்று, தெல்தோட்டையில் கல்யாணம் முடித்திருக்கும் தன் ஸ்கூல் கூட்டாளிக்குத் தானே முன்கூட்டிப் போன் எடுத்தாள். தம்பியின் பக்கம் சுத்தம் என்று நிலைநாட்டினாள். "பிழையெல்லாம் றம்லத்துட பக்கம். அவட உம்மா வழி காவியாம். படிச்ச மாஸ்டர் ஒத்தர் சென்னாரு" என்றாள்.

கூட்டாளி அதைத் தன் கொழுந்தியிடம் சொன்னாள். கொழுந்தி கோழிக்கடையில் சொன்னாள். சொல் கலஹா மலைப்பாதை வளைவுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை நாவலப்பிட்டிக்கே திரும்பி வந்தபோது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தன. ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்த ஹாஷிமின் தோளைப் புடவைக் கடைக்காரர் ஒருவர் தட்டினார்.

"ஒங்கட வீட்டுக்காரிட மூத்தாப்பா ஒத்தர் ஹாமுதுருவாமே."

"எனத்த?"

"காவி உடுத்தவராமே. தெல்தோட்டையில பேசிக்கிறாங்க. ஈக்கட்டும், பழைய காலத்துல எல்லாரும் ஒண்டுக்குள்ள ஒண்டுதானே. பொண்ணு பேசக்குள்ள செல்லீந்தா நல்லம், அவ்வளவுதான்."

ஹாஷிம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். றம்லத் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் போன் வந்தது. மாப்பிள்ளையின் உம்மா ஜெஸீமா.

"ஞாயித்துக்கெழம வாறது வாறம்" என்றாள் ஜெஸீமா. "ஆனா நேர்ல ஒரு விஷயம் கேக்கோணும். அதுக்குப் பொறகு தேதி பேசுவம். இல்லாட்டி டீ குடிச்சிட்டு போவம்."

"எனத்த விஷயம் மாமி?"

"நேர்ல."

றம்லத் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சமையலறை வாசலில் நுஸ்ஹா நின்றிருந்தாள். உம்மாவின் கையிலிருந்த அரிசிச் சட்டியை வாங்கி, களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விடியவே தொடங்கிவிட்டது. றம்லத் வட்டிலப்பம் அவித்திருந்தாள். கட்லட், சமோசா, பராட்டா, கோழி. ஆஸிகா காலையிலேயே வந்து சமோசா மடித்தாள். வீட்டில் எல்லோருடைய முகமும் ஏன் இப்படி இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் அழுவாள், அழுதால் சமோசா ஓரம் ஒட்டாது.

அவர்கள் பகலுக்கு முன்பே வந்தார்கள். ஜெஸீமா பாதிக் கதவை அடைக்கும் உடம்பும், கேள்வி கேட்டே பழகிய கண்ணும் உள்ளவள். அவளுடைய கணவர் ஷாமில் ஹாஜியார் தெல்தோட்டையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்பவர். வீட்டில் பேச இடம் கிடைக்காததால் வெளியிலும் பேசாமல் பழகியவர். மாப்பிள்ளை அஸ்ஃபர் மெலிந்து உயரமாக, நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். இப்ஹாம் அதை வாங்கி வைத்தான்.

ஜெஸீமா கட்லட்டைத் தொடவில்லை.

"நான் நேராக் கேக்கிறன்" என்றாள். "ஒங்கட பரம்பரையில ஹாமுதுரு ஒத்தர் ஈந்தாரா?"

"மாமி" என்றாள் றம்லத்.

"ஈந்தா குத்தமில்ல. ஹாமுதுருவும் மனுசன்தான். எங்கட பரம்பரைக் கெதரப் பேரே சிங்களப் பேருதான், ராசாட காலத்துல குடுத்தது. அதெல்லாம் நான் யோசிக்கிற ஆளில்ல. மறைச்சதுதான் பிழை."

"எங்களுக்கே தெரியாதத எப்பிடி மறைக்கிற?" என்றார் ஹாஷிம்.

"உம்மா வழி காவியாம். படிச்ச மாஸ்டர் ஒத்தர் சென்னாராம்."

ஆஸிகா தட்டோடு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான் நல்லதுக்குத்தான் சென்ன" என்றாள் ஆஸிகா.

ஹாஷிம் மேலே பார்த்துக் கூப்பிட்டார். சதீஸ் பாதி சவரத்தில் இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் நுரை காய அப்படியே நின்றான்.

"ஐயோ அக்கா, புத்தகத்துல அந்தச் சொல்தான் இருக்கு. நான் போட்ட சொல் இல்லீங்க."

"புத்தகம் வேணாம்" என்றாள் ஜெஸீமா. "எனக்கு வெளங்கிற மாதிரி செல்லுங்க தம்பி."

சதீஸ் சுற்றிப் பார்த்தான். கடைப்பக்கம் போய் ஒரு தட்டு நிறைய நூல் உருளைகளை அள்ளிக்கொண்டு வந்து மேசையில் கட்லட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பச்சை நூல் நல்ல எக்ஸ். சிவப்பு நூல் பிழையான எக்ஸ். வெள்ளை நூல் வை, அதுல நிறம் பாக்குற விஷயமே கிடையாது" என்றான். றம்லத்தின் முன்னால் ஒரு பச்சையை வைத்தான். ஹாஷிமின் முன்னால் ஒரு பச்சையும் ஒரு வெள்ளையும் வைத்தான். "அக்காவுக்கு ரெண்டு. ஒன்னு இந்தா இருக்கு, பச்சை. மத்தது சிவப்பு. மாப்பிள்ளை, உங்க பக்கத்துல கிடக்கு பாருங்க, அந்தச் சிவப்ப எடுத்துக் குடுங்க."

அஸ்ஃபர் தட்டைப் பார்த்தான். கை நீட்டினான். கை ஒரு உருளைக்குப் போய், பக்கத்து உருளைக்குப் போய், திரும்பி வந்தது. ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான்.

"எத்தினாம் நம்பர்?" என்று கேட்டான்.

"நம்பர் எதுக்குங்க? சிவப்பு."

அஸ்ஃபர் உம்மாவைப் பார்த்தான். அவனுடைய காது சிவந்தது. மற்றவர்கள் அவன் வெட்கப்படுவதாக நினைத்தார்கள். இப்ஹாம் மட்டும் அப்படி நினைக்கவில்லை. துணியைக் கொண்டுவந்து நீட்டாமல் நம்பரைச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளருக்கு அவன் ஒருபோதும் பிழையான நூலைக் கொடுத்ததில்லை. உருளையைக் கவிழ்த்து அடியைப் பார்க்கும் அந்தக் கையசைவு கடையில் அவனே தினமும் செய்வது.

"மச்சான்" என்றான் இப்ஹாம் மெதுவாக. "ரம்புட்டான் பழுத்தீக்கா எண்டு எப்பிடிப் பாப்பீங்க?"

"விக்கிற ஆள்கிட்ட கேப்பன்."

"கொய்யா?"

"அமத்திப் பாப்பன்."

"டிராஃபிக் லைட்?"

"மேல உள்ளது சிவப்பு" என்றான் அஸ்ஃபர். "கீழ உள்ளது போற."

"புள்ளிப் புத்தகம் பாத்தீக்கிறீங்களா?"

"இல்ல. என்ன புத்தகம்?"

இப்ஹாம் போனில் அதைத் தேடியெடுத்து நீட்டினான். முதல் படம். "பன்னெண்டு" என்றான் அஸ்ஃபர். இரண்டாவது படம். அஸ்ஃபர் போனைக் கிட்டப் பிடித்தான், தூரப் பிடித்தான்.

"இதுல ஒண்டுமில்லயே. சவ்வரிசி."

இப்ஹாம் சிரித்தான். கொழும்பிலிருந்து வந்த பிறகு அவன் சிரித்தது அப்போதுதான். உலகத்தில் சவ்வரிசி தெரிகிற இன்னொரு ஆளைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் மாப்பிள்ளையின் முதுகில் தட்டினான்.

"கடையில எனத்த வேல மச்சான் ஒங்களுக்கு?"

"பெயின்ட் கவுண்டர்."

"பெயின்டா?"

"பெயின்டும் நம்பர்தான்" என்றான் அஸ்ஃபர். "கார்ட்டுல ஆக்கள் தொட்டுக் காட்டுவாங்க. நம்பர மெஷினுக்கு அடிச்சா அது கலக்கும். ஒரு நாளும் பிழ வந்ததில்ல."

"அதுதானா..." என்றாள் ஒரு குரல். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து நுஸ்ஹா. "அதுதான் எண்ட பச்ச ஷோல பிரவுன் ஷோல் வடிவு எண்டு..."

நிறுத்திவிட்டாள். பிந்திவிட்டது.

"எந்த ஷோல்?" என்றார் ஹாஷிம். "எப்ப பாத்தாரு?"

திரை அசையவில்லை. அஸ்ஃபர் நூல் உருளையின் அடித்தாளை மிகுந்த கவனத்தோடு வாசித்தான்.

ஆனால் ஜெஸீமா ஷோலைக் கவனிக்கவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதுல மரம் கீறினா எல எல்லாம் பிரவுனாத்தான் பூசுவான்" என்றாள், யாருக்கென்று இல்லாமல். "டீச்சர் கேட்டாங்க. நான் சென்னேன், வெயில் காலத்து மரம் எண்டு." பிறகு சதீஸின் பக்கம் திரும்பினாள். "அப்ப இது எங்கால வந்த?"

சதீஸ் நுரையைத் துடைத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லாமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

"அம்மாகிட்டேருந்துதாங்க. நீங்களும் காவி."

அப்போது, இவ்வளவு நேரமும் வாய் திறக்காத ஷாமில் ஹாஜியார் கட்லட் ஒன்றை எடுத்தார்.

"அப்ப எண்ட பக்கத்தால இல்ல?" என்றார்.

"இல்லீங்க. மகனுக்கு உங்ககிட்டேருந்து வை மட்டும்தான்."

"கலியாணம் முடிச்ச நாளையிலிருந்து" என்றார் ஹாஜியார், கட்லட்டைப் பாதியாகப் பிட்டபடி, "எண்ட பிழையில்லாத மொத விஷயம் இது."

"நீங்க பேசாம சாப்புடுங்க" என்றாள் ஜெஸீமா. ஆனால் அவளுடைய குரலில் வழக்கமான கனம் இல்லை. சால்வையைத் தலைக்கு இழுத்து விட்டாள். கைப்பை மடியில் இருந்தது. அதன் பிடியைப் பற்றியிருந்தாள். எழுந்து போகும் ஒருத்தியின் கை அது. கேள்வி கேட்க வந்த வீட்டில் அதே கேள்விக்குத் தானே பதிலாக உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத இருக்கை. றம்லத் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆஸிகா தட்டை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். தான் கெடுத்ததைத் தானே சரிசெய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நான் செல்றன் எண்டு கோவிக்க வேணாம்" என்றாள். "ரெண்டு பக்கமும் ஈந்தா, நாளைக்குப் பொறக்கிற புள்ளைக்கு எனத்த ஆகும்? மாஸ்டர், செல்லுங்க."

"ஆஸிகா ராத்தா" என்றார் ஹாஷிம்.

"கேக்கட்டும் வாப்பா" என்று சொல்லிக்கொண்டு நுஸ்ஹா திரையை விலக்கி வெளியே வந்தாள். பச்சை ஷோல்தான் போட்டிருந்தாள். "எனக்கும் தெரியோணும்."

சதீஸ் உருளைகளை மறுபடி அடுக்கினான். "பொம்பளப் புள்ள பொறந்தா, அப்பா தன்கிட்ட உள்ள சிவப்ப குடுத்தே தீருவாரு. அவுங்க காவி. தங்கச்சியும் சிவப்ப குடுத்தாத்தான் அவுங்களுக்கும் நிறம் பிரியாது. ஆம்பளப் புள்ளைக்கு அவர் குடுக்கிறது வெள்ளைதான், அதனால அவர்கிட்டேருந்து ஒன்னும் போகாது. ஆம்பளப் புள்ளைக்கு வந்தா தங்கச்சிகிட்டேருந்துதான் வரணும்."

"எங்கிட்ட ஈக்கா?"

"பாதிக்குப் பாதி. அம்மா பச்சைய குடுத்திருந்தா இல்ல. சிவப்ப குடுத்திருந்தா இருக்கு. பாத்துச் சொல்ல ஏலாது."

"பாத்தீங்களா" என்றாள் ஆஸிகா. "எந்தப் பக்கத்தால சுத்தி வந்தாலும் றம்லத்துக்கிட்டத்தான் வந்து நிக்கிது. நான் மொதல்லயே சென்னேன்."

றம்லத் கட்லட் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

ஜெஸீமா ஆஸிகாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எத்தின எக்ஸ்?" என்று கேட்டாள்.

"எனக்கா?"

"பொம்புளதானே. ரெண்டு ஈக்கோணும். மாஸ்டர், இவங்கட ரெண்டும் எனத்த நெறம்?"

சதீஸ் யோசித்தான். "இல்லன்னும் சொல்ல ஏலாது, இருக்குன்னும் சொல்ல ஏலாதுங்க. நானாவுக்கு வந்தது பச்சை. அவுங்க அம்மாகிட்ட மத்தது என்னவோ, அது இவுங்களுக்கு வந்திருந்தா..."

"எனக்கு அடுப்புல தண்ணி கொதிக்கிது" என்றாள் ஆஸிகா, உள்ளே போனாள்.

ஜெஸீமா கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்தாள். சற்று நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டு, அந்த இடத்தைக் கையால் தட்டினாள்.

"இப்பிடி வந்து குந்துங்க றம்லத். நிண்டுக்கிட்டே ஈக்காம."

றம்லத் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சால்வையைத் திருத்திக்கொண்டார்கள்.

"பேரனுக்குப் பச்சையும் சிவப்பும் தெரியாட்டி எனத்த மாமி செய்ற?" என்று றம்லத் கேட்டாள். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஜெஸீமா தட்டை இழுத்து, அதிலிருந்த கடைசிக் கட்லட்டை எடுத்துக்கொண்டாள்.

"நம்பர் பாப்பான்" என்றாள். "தேதியச் செல்லுங்க."